விடுதலை வழக்கிலிருந்து தப்பியோடிகள் சட்டம் வரை: தியோடர் செட்ஜ்விக்

1781 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரின் நீதிமன்றத்தில், பெட் என்ற அடிமைப் பெண்ணும் பிராம் என்ற அடிமை ஆணும் தங்கள் எசமானர்மீது தொடுத்த வழக்கை ஜூரி விசாரித்து, அவ்விருவரும் சட்டப்படி அவருக்கு உரியவர்கள் அல்லர் என்று தீர்ப்புச் சொன்னது. அவர்களுக்காக வாதாடியவர் 35 வயதான தியோடர் செட்ஜ்விக். பத்து ஆண்டுகள் கழித்து, 1791 நவம்பரில், பிலடெல்பியாவில் கூடியிருந்த அமெரிக்க காங்கிரஸின் பிரதிநிதிகள் அவையில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைப்பதற்கான மசோதா ஒன்று முன்வைக்கப்பட்டது. அதை அவையில் வைத்தவரும் இதே செட்ஜ்விக்தான்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் நடந்தவை என்பது வியப்பாகத் தோன்றலாம். அவருடைய குடும்பத்தார் முதலாவதைப் பெருமையோடு சொல்லி வந்தார்கள். அமெரிக்க அடிமை முறைச் சட்டங்களை ஆராய்பவர்கள் இரண்டாவதைக் குறித்துவைத்தார்கள். செட்ஜ்விக் மனம் மாறினார் என்றோ, பதவிக்காகக் கொள்கையை விற்றார் என்றோ விளக்கம் சொல்வது எளிது. அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. இரண்டு இடத்திலும் அவர் செய்தது ஒரு வழக்கறிஞரின் வேலை: எதிரே இருந்த எழுத்தை எடுத்து, அதில் இருப்பதை நிறைவேற்றச் சொன்னார். ஓர் எழுத்து விடுதலை செய் என்றது, மற்றொன்று பிடித்துக் கொடு என்றது.

செட்ஜ்விக் 1746 மே மாதம் கனெக்டிகட்டின் வெஸ்ட் ஹார்ட்ஃபர்டில் பிறந்தார். தந்தை இளமையிலேயே இறந்துவிட, மூத்த சகோதரரின் உழைப்பில்தான் அவர் யேல் கல்லூரிக்குப் போக முடிந்தது. அங்கே ஏதோ ஒழுங்கு மீறலுக்காகப் பட்டம் பெறாமலே 1765-இல் வெளியேற்றப்பட்டார்; பட்டத்தைப் பின்னாளில்தான் கொடுத்தார்கள். பாதிரியாராகும் எண்ணத்தில் சிறிது காலம் இறையியல் படித்துவிட்டு, அதை விட்டுச் சட்டத்துக்கு வந்தார். சட்டக் கல்லூரி என்று ஒன்று அக்காலக் குடியேற்றங்களில் கிடையாது. அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்து, அவருடைய புத்தகங்களைப் படித்து, பத்திரங்களைப் படியெடுத்துத்தான் தொழில் கற்க வேண்டும். கிரேட் பாரிங்டனில் மார்க் ஹாப்கின்ஸ் என்பவரிடம் அப்படிக் கற்று, 1766-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது.

அவர் தொழில் நடத்திய பெர்க்‌ஷயர் மாவட்டம் 1761-இல்தான் உருவாக்கப்பட்டது. நிலம் புதிது, எல்லைகள் தெளிவில்லாதவை, கடனில்லாத விவசாயி அரிது. ஆகவே வழக்கறிஞருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த வேலையில் பெரும்பகுதி கடன் கொடுத்தவருக்காகக் கடனாளியின்மேல் பிராது போடுவதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னாளில் அவர் வீட்டுக் கதவை ஆயுதத்தோடு தட்டியவர்கள் இந்தக் கடனாளிகளின் கூட்டத்திலிருந்து வந்தவர்களே.

அவர் முதலில் கிரேட் பாரிங்டனிலும் பிறகு பக்கத்து ஊரான ஷெஃபீல்டிலும் குடியிருந்தார். ஷெஃபீல்டின் மிகப் பெரிய செல்வர் கர்னல் ஜான் ஆஷ்லி. யேலில் படித்தவர், மாவட்டப் பொது வழக்கு நீதிமன்றத்தில் நெடுங்காலம் நீதிபதியாக இருந்தவர், அடிமைகளை வைத்திருந்தவர். 1773 ஜனவரியில், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் அத்துமீறல்களைக் கண்டிக்க ஊரார் அமைத்த பதினோரு பேர் கொண்ட குழு ஆஷ்லியின் வீட்டு மாடியறையில் கூடியது. குழுவின் எழுத்தராக இருந்து தீர்மானங்களை எழுதியவர் இளம் வழக்கறிஞரான செட்ஜ்விக். ஷெஃபீல்டு தீர்மானங்கள் எனப்படும் அந்த ஆவணத்தின் முதல் வாசகமே, இயற்கை நிலையில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், பிறரைச் சாராதவர்கள் என்றும், தங்கள் உயிரையும் உரிமையையும் உடைமையையும் இடையூறின்றி அனுபவிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் கூறுகிறது. சுதந்திரப் பிரகடனத்துக்கு மூன்றாண்டு முந்தைய எழுத்து இது. உயிர், உரிமை, உடைமை என்ற மூன்றும் ஒரே மூச்சில் வருவதைக் கவனிக்க வேண்டும். செட்ஜ்விக்கின் மனத்தில் அவை மூன்றும் கடைசி வரை பிரிந்ததில்லை.

சுதந்திரப் போர் தொடங்கியபோது, பிரிட்டனோடு முற்றாக முறித்துக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. ஆனாலும் 1776-இல் கனடாப் படையெடுப்பில் ஜெனரல் ஜான் தாமஸின் ராணுவச் செயலாளராகச் சென்றார்; தாமஸ் அங்கேயே பெரியம்மையில் இறந்தார். அந்த நோய் செட்ஜ்விக்கின் வீட்டில் முன்பே நுழைந்திருந்தது: அவரிடமிருந்து தொற்றிய பெரியம்மையில்தான் முதல் மனைவி எலைசா திருமணமான சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார். 1774-இல் பமேலா ட்வைட் என்பவரை மணந்தார். போர்க் காலத்தில், பிரிட்டன் பக்கம் நின்றதற்காக ஒதுக்கப்பட்ட பீட்டர் வான் ஷாக் போன்றவர்களோடு அவர் நட்பை விடவில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து ஒருவனைத் துரத்தும்போது சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கும் இயல்பு அவரிடம் இருந்தது. அந்த இயல்புதான் அவரைப் பெட்டின் வழக்கறிஞராக்கியது. கூட்டத்தைக் கண்டால் அஞ்சும் அரசியல்வாதியாக்கியதும் அதுவே.

பெட் ஏறத்தாழ 1744-இல் நியூயார்க்கின் கிளாவரக் பகுதியில், ஹோகெபூம் என்ற டச்சுக் குடும்பத்தின் அடிமையாகப் பிறந்தவர். அக்குடும்பத்துப் பெண் ஹன்னா ஆஷ்லியை மணந்தபின் பெட்டும் ஷெஃபீல்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். செட்ஜ்விக் குடும்பத்தார் எழுதிவைத்தபடி, அடுப்பில் காய்ந்த கரண்டியை ஓங்கி ஹன்னா ஆஷ்லி லிஸி என்ற சிறுமியை அடிக்கப் போக, பெட் குறுக்கே கை நீட்டி அந்த அடியைத் தாமே வாங்கிக்கொண்டார். லிஸி அவருடைய தங்கை என்று சில இடங்களிலும் மகள் என்று வேறு சில இடங்களிலும் வருகிறது. கைக்காயத்தின் தழும்பைப் பெட் பிறகு மறைக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்பவர்களை, அதைச் செய்தவரிடமே கேட்கச் சொல்வாராம்.

1780-இல் மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசியல் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ஜான் ஆடம்ஸ் முன்னின்று வரைந்த அதன் முதல் பிரிவு, எல்லா மனிதரும் சுதந்திரமானவர்களாகவும் சமமானவர்களாகவும் பிறக்கிறார்கள் என்று தொடங்குகிறது. பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பரிமாறிக்கொண்டும் விளக்கேற்றிக்கொண்டும் அந்த வீட்டில் நடந்த பேச்சுகளைக் கேட்டிருக்கிறார். ஊர்ப் பொதுவில் வாசிக்கப்பட்டதையும் கேட்டிருக்கிறார். தாம் கேட்ட வாசகம் தமக்கும் பொருந்துமா என்று கேட்க அவர் நடந்து போனது செட்ஜ்விக்கிடம். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆஷ்லியின் மாடியறையில் உட்கார்ந்து மனிதர்கள் சமம் என்று எழுதிய அதே ஆளிடம், ஆஷ்லியின் அடிமைப் பெண் அந்தச் சொல்லை வசூலிக்க வந்தார் என்று சொல்லலாம்.

வழக்கை நடத்திய விதம் தனியாகப் பார்க்கத்தக்கது. செட்ஜ்விக் தம்மோடு கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டைச் சேர்ந்த டாப்பிங் ரீவைச் சேர்த்துக்கொண்டார். ரீவ் பின்னாளில் அமெரிக்காவின் முதல் சட்டப் பள்ளிகளில் ஒன்றை நடத்திப் புகழ்பெற்றவர். பிராம் என்ற ஆணின் பெயர் வழக்கில் முன்னால் சேர்க்கப்பட்டது. பெண் ஒருத்தி தனியாக வாதியாக நிற்பதில் வரக்கூடிய சிக்கலைத் தவிர்க்கவே இவ்வாறு செய்திருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. 1781 மே மாதம் அவர்கள் நீதிமன்றத்தில் பெற்ற ஆணை ரெப்ளெவின் எனப்படுவது. ஒருவரின் உடைமையை இன்னொருவர் முறைகேடாகப் பிடித்து வைத்திருந்தால் அதை மீட்டுத் தரச் சொல்லும் பழைய ஆங்கிலேய நடைமுறை அது. மனிதர்கள் உடைமையாக முடியாது என்று வாதிட, உடைமையை மீட்கும் கருவியையே கையில் எடுத்தார்கள். ஷெரீஃப் ஆணையோடு போனார். இவர்கள் ஆயுள் முழுவதும் என் வேலையாட்கள் என்று சொல்லி ஆஷ்லி விட மறுத்தார். விவகாரம் ஜூரிமுன் வந்தது.

வாதம் நீதிமன்றப் பதிவேட்டில் இல்லை. குடும்பத்தார் வழியாக வந்ததே நமக்குக் கிடைப்பது. அதன்படி செட்ஜ்விக் இரண்டு படிகளில் பேசினார். மாசசூசெட்ஸில் அடிமை முறையை நிறுவிய சட்டம் எதுவும் எப்போதும் இருந்ததில்லை என்பது முதல் படி. அப்படி ஒன்று இருந்திருந்தாலும் புதிய சாசனம் அதை நீக்கிவிட்டது என்பது இரண்டாவது. முதல் படியை எதிர்த் தரப்பு கடுமையாக மறுத்திருக்கலாம். 1641-ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் உரிமைத் தொகுப்பு, நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் தங்களை விற்றுக்கொண்ட அல்லது விற்கப்பட்ட அந்நியர்களையும் அடிமைகளாக வைத்திருக்க வெளிப்படையாகவே இடம் கொடுத்திருந்தது. ஆகவே வாதத்தின் உண்மையான பலம் இரண்டாவது படியில்தான் இருந்தது. பிறப்பால் எல்லாரும் சுதந்திரர் என்று சாசனம் சொல்லிவிட்டது. அந்த வாக்கியத்தில் விதிவிலக்கு எழுதப்படவில்லை. எழுதப்படாத விதிவிலக்கை நீதிமன்றம் சேர்க்க முடியாது. ஒரு நல்ல சிவில் வழக்கறிஞர் பத்திரம் ஒன்றை வாசிக்கும் முறைதான் இது.

ஆகஸ்டு 21-ஆம் தேதி ஜூரி பெட்டுக்கும் பிராமுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்து, 30 ஷில்லிங் இழப்பீடும் வழக்குச் செலவும் ஆஷ்லி தர வேண்டும் என்றது. ஆஷ்லி மேல்முறையீடு செய்தார், ஆனால் அக்டோபரில் அதைக் கைவிட்டார். இடையில் உயர் நீதிமன்றத்தில் குவாக் வாக்கர் என்ற இன்னொரு அடிமையின் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது நீதிபதியாக இருந்த மனிதருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1783-இல் வாக்கர் தொடர்பான குற்ற வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அடிமை முறை சாசனத்துக்குப் பொருந்தாது என்று ஜூரிக்கு அறிவுறுத்தினார். 1790-இல் நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது மாசசூசெட்ஸில் அடிமை என்று ஒருவரும் பதிவாகவில்லை.

கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்ததைப் பெட் ஏற்கவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு, செட்ஜ்விக் வீட்டில் கூலிக்கு வேலை செய்பவராகச் சேர்ந்தார்.

செட்ஜ்விக் ஏற்கெனவே மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்துவிட்டிருந்தார். 1780-களில் மாநிலக் கீழவையிலும் மேலவையிலும் மாறி மாறி இருந்தார், 1788-இல் கீழவையின் சபாநாயகரானார். 1785-இல் ஸ்டாக்பிரிட்ஜில் பெரிய வீடு ஒன்றைக் கட்டிக் குடியேறினார். அதே ஆண்டு முதல், மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான அன்றைய அவையான கான்டினென்டல் காங்கிரஸிலும் உறுப்பினர். அந்த காங்கிரஸ் வரி விதிக்க முடியாத, படை திரட்டப் பணமில்லாத அமைப்பு. அது எவ்வளவு பலவீனமானது என்பதைச் செட்ஜ்விக் நேரில் பார்த்தார். பிறகு தம் வீட்டிலேயே அனுபவித்தார்.

போர்க் கடனை அடைக்க மாசசூசெட்ஸ் அரசு கடுமையான வரிகளைப் போட்டு, அவற்றை வெள்ளி நாணயத்தில் கேட்டது. மேற்கு மாவட்ட விவசாயிகளிடம் தானியமும் கால்நடையும் இருந்தன, நாணயம் இல்லை. நிலம் ஜப்தியானது, கடனாளிகள் சிறைக்குப் போனார்கள். 1786-இல் கூட்டம் கூட்டமாக வந்து நீதிமன்றங்கள் கூடவிடாமல் தடுத்தார்கள். பெட்டின் வழக்கு நடந்த கிரேட் பாரிங்டன் நீதிமன்றமும் அப்படி முடக்கப்பட்டது. டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைத்தலைவரின் பெயரால் இது ஷேஸ் கிளர்ச்சி எனப்படுகிறது. 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற வந்தவர்கள்மேல் பீரங்கி சுட்டதில் நான்கு பேர் இறந்தனர். எஞ்சியவர்களில் ஒரு பிரிவு பிப்ரவரி 27 அன்று நியூயார்க் எல்லையிலிருந்து ஸ்டாக்பிரிட்ஜுக்குள் புகுந்து, செல்வர்களின் வீடுகளைச் சூறையாடி, செட்ஜ்விக்கிடம் சட்டம் பயின்ற இளைஞர்கள் உட்படப் பலரைப் பிணையாகப் பிடித்துச் சென்றது.

செட்ஜ்விக் அப்போது ஊரில் இல்லை. வீட்டைக் காத்தவர் எலிசபெத் ஃப்ரீமன். வெள்ளிச் சாமான்களைத் தம் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, வேலைக்காரியின் பெட்டியைக் கிளறுவதா என்று வந்தவர்களை ஏளனம் செய்தே அனுப்பிவிட்டார் என்று அவ்வீட்டுப் பிள்ளைகள் பின்னாளில் சொன்னார்கள். அன்றைக்கே ஷெஃபீல்டு அருகே அக்கூட்டத்தை எதிர்கொண்டு சிதறடித்த உள்ளூர்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஜான் ஆஷ்லி. பெட்டை அடிமையாக வைத்திருந்த அதே ஆஷ்லியின் மகன். 1781-இல் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு குடும்பங்களும் ஆறு ஆண்டுக்குள் ஒரே பக்கம் வந்துவிட்டன. பெர்க்‌ஷயரின் சமூக வரைபடத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

அந்த ஆண்டுக்குப் பிறகு செட்ஜ்விக்கின் அரசியலில் ஐயத்துக்கு இடமில்லை. மாநில எல்லைகளைத் தாண்டிச் செல்லும் வலிமையுள்ள மைய அரசு வேண்டும். ஒப்பந்தங்களும் கடன்களும் கூட்டத்தின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது. 1788-இல் புதிய அமெரிக்க அரசியல் சாசனத்தை ஏற்பதற்காக பாஸ்டனில் கூடிய மாநாட்டில் அவர் உறுப்பினராக இருந்து ஆதரித்தார். 187-க்கு 168 என்ற நெருக்கமான வாக்கில் அது நிறைவேறியது. அந்தச் சாசனத்தின் நான்காம் பிரிவில் ஒரு வரி இருந்தது. ஒரு மாநிலச் சட்டப்படி உழைப்புக்குக் கட்டுப்பட்டவர் வேறு மாநிலத்துக்குத் தப்பி ஓடினால், அந்த மாநிலச் சட்டத்தைக் காட்டி அவர் விடுபட முடியாது; உரியவர் கேட்டால் ஒப்படைக்கப்பட வேண்டும். அடிமை என்ற சொல்லை வரைந்தவர்கள் கவனமாகத் தவிர்த்திருந்தார்கள், பொருள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பல சுற்று வாக்குப்பதிவுக்குப் பிறகு 1789-இல் அவர் முதல் பிரதிநிதிகள் அவைக்கு வந்தார். நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் நிதித் திட்டத்தை அவையில் தாங்கியவர்களில் முக்கியமானவர் அவர். மாநிலங்களின் போர்க் கடனை மைய அரசே ஏற்க வேண்டும் என்பது திட்டத்தின் நடுநாயகமான பகுதி. கடனில் மூழ்கிய மாசசூசெட்ஸுக்கு அதுவே உயிர்நாடி. 1790 ஏப்ரல் 12 அன்று அது 31-க்கு 29 என்ற வாக்கில் தோற்றது. திட்டத்தை வெறுத்த பென்சில்வேனியா செனட்டர் வில்லியம் மெக்லே அன்றைய காட்சியைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: செட்ஜ்விக் அதற்கு இரங்கல் உரை போல ஒன்று ஆற்றினார், ஒழுங்கு கேள்வி எழுந்தது, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்தபோது முகத்தில் அழுத அடையாளம் தெரிந்தது. ஷேஸ் கிளர்ச்சி வரியிலிருந்தும் கடனிலிருந்தும் பிறந்தது என்பதை அறிந்தவருக்கு அந்தக் கண்ணீர் புரியும். தலைநகரம் பொட்டோமக் ஆற்றங்கரைக்குப் போவதற்கு ஈடாக அந்தத் திட்டம் ஜூலையில் நிறைவேறியது.

தப்பியோடிகள் மசோதாவின் பின்னணி ஒரு கடத்தல். பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதலை அடைந்திருந்த ஜான் டேவிஸ் என்ற கறுப்பினத்தவரை 1788-இல் மூன்று வர்ஜீனியர்கள் கடத்திச் சென்று மீண்டும் அடிமையாக்கினார்கள். அந்த மூவரையும் ஒப்படைக்குமாறு பென்சில்வேனிய ஆளுநர் கேட்க, வர்ஜீனிய ஆளுநர் மறுத்தார். விவகாரம் 1791-இல் அதிபர் வாஷிங்டனிடம் போய், அவர் அதைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். அவை அமைத்த மூவர் குழுவில் செட்ஜ்விக்கும் மாசசூசெட்ஸின் ஷியர்ஜஷுப் போர்னும் வர்ஜீனியாவின் அலெக்சாண்டர் ஒயிட்டும் இருந்தனர். கடத்தப்பட்ட ஒரு சுதந்திர மனிதனைக் காப்பதற்காகத் தொடங்கிய பேச்சு, குற்றவாளிகளை ஒப்படைப்பது, தப்பிய அடிமைகளை ஒப்படைப்பது என்ற இரண்டையும் ஒன்றாகக் கட்டிய மசோதாவாக வெளிவந்தது. சாசனத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள் என்பதால் வழக்கறிஞர் கண்ணுக்கு அது இயல்பான இணைப்பாகப் பட்டிருக்கும்.

அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மசோதாவை அவை எடுத்துக்கொள்ளவில்லை. செனட் பிறகு தானே வேறொன்றைத் தயாரித்தது; அதுதான் 1793 பிப்ரவரியில் கீழவையில் 48-க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறி, 12-ஆம் தேதி வாஷிங்டனின் கையெழுத்தைப் பெற்றது. ஆகவே 1793-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தைச் செட்ஜ்விக்கின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் அந்தப் பாதையைத் திறந்த முதல் வரைவு அவர் கையால் அவைக்கு வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உரிமை கோருபவர் தாமே ஓர் ஆளைப் பிடித்து, அருகில் உள்ள நீதிபதிமுன் நிறுத்தி, வாய்மொழிச் சாட்சியோ சத்தியப் பத்திரமோ காட்டினால் போதும். கொண்டுபோகச் சான்றிதழ் கிடைத்துவிடும். தடுப்பவருக்கு 500 டாலர் அபராதம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை என்பது சட்டத்தில் இல்லை. கிரேட் பாரிங்டனில் பெட்டை விடுவித்தது ஒரு ஜூரி.

அவருடைய அரசியலின் பிற்பகுதி உயர்வும் கசப்பும் கலந்தது. பிரிட்டனுடனான ஜே உடன்படிக்கைக்குப் பணம் ஒதுக்கும் போராட்டத்தில் 1796-இல் வென்று, அதே ஆண்டு செனட்டுக்குப் போனார். 1798-இல் செனட்டின் தற்காலிகத் தலைவராக இருந்தார். அரசை விமர்சிப்பதையே குற்றமாக்கிய தேசத்துரோக எழுத்துச் சட்டத்தின் கீழே அந்தப் பதவியில் அவர் இட்ட கையெழுத்து இருக்கிறது. 1799 டிசம்பரில் பிரதிநிதிகள் அவைக்குத் திரும்பி அதன் சபாநாயகரானார். அடுத்த மாதமே, அப்சலம் ஜோன்ஸ் தலைமையில் பிலடெல்பியாவின் சுதந்திரக் கறுப்பின மக்கள் அனுப்பிய மனு ஒன்று அவைக்கு வந்தது. தப்பியோடிகள் சட்டத்தின் பெயரால் சுதந்திர மனிதர்களும் கடத்தப்படுவதை அது எடுத்துச் சொன்னது. அம்மனுவின் அத்தகைய பகுதிகளுக்கு அவை எந்த ஆதரவும் தராது என்ற தீர்மானம் 85-க்கு 1 என்று நிறைவேறியது. எதிர்த்த ஒருவர் மாசசூசெட்ஸ் உறுப்பினரான ஜார்ஜ் தாட்சர். பெட்டின் வழக்கறிஞர் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

1801 பிப்ரவரியில் அதே நாற்காலியில் அவர் நடத்திய வாக்குப்பதிவு அமெரிக்க வரலாற்றில் பெயர்போனது. தாமஸ் ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் தேர்வாளர் வாக்குகள் தலா 73 விழுந்து, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவைக்கு வந்தது. பர்ரை நம்ப வேண்டாம் என்று ஹாமில்டன் எழுதியும் செட்ஜ்விக் பர்ர் பக்கமே நின்றார். கொள்கையற்ற பர்ர், கொள்கைவாதியான ஜெஃபர்சனைவிடக் குறைந்த ஆபத்து என்ற கணக்கு அது. எழுத்தைப் போற்றிய மனிதர் தம் வாழ்வில் செய்த மிகத் தவறான மதிப்பீடு அதுவே என்பேன். பெட்டின் வழக்கில் உடன் வாதாடிய டாப்பிங் ரீவ் மணந்திருந்தது பர்ரின் சகோதரியை என்பது கிளைச் செய்தி. 36-ஆவது சுற்றில் முட்டுக்கட்டை உடைந்தபோது வெர்மான்ட்டின் வாக்கை ஜெஃபர்சனுக்குக் கொடுத்தவர் மாத்யூ லயன். செட்ஜ்விக் கையெழுத்திட்ட தேசத்துரோக எழுத்துச் சட்டத்தால் நான்கு மாதம் சிறையில் இருந்தவர். மாசசூசெட்ஸ் கடைசிச் சுற்றிலும் பர்ருக்கே வாக்களித்தது. 1804 ஜூலை 10 அன்று, பர்ரோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போவதற்கு முந்தைய நாள், ஹாமில்டன் செட்ஜ்விக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒன்றியத்தைப் பிரிப்பதால் நம் உண்மையான நோயான ஜனநாயகம் தீராது என்றது அது. மறுநாள் பர்ரின் குண்டு பட்டு, அதற்கடுத்த நாள் அவர் இறந்தார்.

இத்தனை ஆண்டுகளும் பிலடெல்பியாவிலும் வாஷிங்டனிலும் கழிந்தபோது ஸ்டாக்பிரிட்ஜ் வீட்டில் பமேலா மனநோயால் வருந்திக்கொண்டிருந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்து ஏழு பேர் பிழைத்த வீடு. கணவர் ஆண்டில் பாதி நாள் இருப்பதில்லை. பிள்ளைகளை வளர்த்ததும் நோயுற்ற தாயை ஆற்றியதும் பெரும்பாலும் எலிசபெத் ஃப்ரீமன். அப்பிள்ளைகளில் ஒருவரான கேதரின் மரியா செட்ஜ்விக் பிறகு நாவலாசிரியராகப் பெயர் பெற்றார். ஃப்ரீமனின் கதை நமக்குக் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் அவர் எழுதிவைத்ததே. பமேலா 1807-இல் இறந்தார்.

செட்ஜ்விக் 1802-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1806-இல் காலியான தலைமை நீதிபதி இடம் தியோஃபிலஸ் பார்சன்ஸுக்குப் போனது. 1810-இல் கிரீன்வுட்டுக்கும் கர்ட்டிஸுக்கும் இடையிலான வழக்கு வந்தது: ஆப்பிரிக்கக் கரையில், அடிமைகளைப் பெறுவதற்காகச் செய்துகொள்ளப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின்கீழ் வர வேண்டிய பணத்தை மாசசூசெட்ஸ் நீதிமன்றம் வசூலித்துத் தருமா என்பது கேள்வி. ஒப்பந்தம் செய்த இடத்தில் அது செல்லும், ஆகவே இங்கும் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். செட்ஜ்விக் மாறுபட்டார். இயற்கை நீதிக்கே விரோதமான வணிகத்துக்கு இந்த நீதிமன்றம் கை கொடுக்கக் கூடாது என்பது அவர் நிலை. ஒப்பந்தத்தையும் கடனையும் வாழ்நாள் முழுவதும் காத்த மனிதர், ஒப்பந்தத்தை ஒதுக்கிவைக்கச் சொன்ன இடம் இது. பெட்டின் வழக்கிலாவது சாசனத்தின் ஒரு வரி அவர் கையில் இருந்தது. இங்கே எந்த வரியும் இல்லாமலே பேசினார். என் விளக்கம் இந்த ஒரு வழக்கில் அவரை முழுதாகப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1813 ஜனவரி 24 அன்று பாஸ்டனில் அவர் இறந்தார். ஸ்டாக்பிரிட்ஜ் மயானத்தில் அவருக்கும் பமேலாவுக்குமான கற்கள் நடுவில் நிற்க, வழித்தோன்றல்களின் கல்லறைகள் வட்ட வட்டமாகச் சுற்றிலும் அமைந்திருக்கின்றன. எலிசபெத் ஃப்ரீமன் தாமே வாங்கிய நிலத்தில் தம் வீட்டில் வாழ்ந்து, உயிலில் கீறல் குறி இட்டு, 1829 டிசம்பர் 28 அன்று இறந்தபோது, அவரையும் அந்த வட்டத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். செட்ஜ்விக்கின் கடைசி மகன் சார்லஸ் எழுதிய கல்லறை வாசகம் அவருடைய வயது ஏறத்தாழ 85 என்கிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அடிமையாக இருந்தார் என்கிறது. அந்த வயதின்படி கணக்கிட்டால் 37 வருகிறது. எழுதவும் படிக்கவும் தெரியாதவர், தம் வட்டத்தில் தமக்கு மேலானவரோ நிகரானவரோ இல்லாதவர் என்றும், எந்த நம்பிக்கையையும் மீறாதவர் என்றும் அக்கல் தொடர்கிறது. கிரேட் பாரிங்டனில் நடந்த வழக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.